பழைய சாஸ் கார்டுகளும் லினக்ஸ் டிரைவரும்: கேள்வி பதில்

பழைய சர்வர்களை வாங்கி வீட்டிலும் சிறிய அலுவலகத்திலும் ஓட்டுகிறவர்கள், டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் சாஸ் கார்டுகளைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. எந்தக் கேள்வியானாலும் கார்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் சொல்லாமல், பிசிஐ எண்ணையும் (எந்த நிறுவனத்தின் எந்தச் சிப் என்று சொல்லும் எண்) சேர்த்து எழுதுங்கள். டிரைவருக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான்.

கேள்வி: அண்ணா, டெல் ஆர்710 சர்வர், பெர்க் எச்200 கார்டு. சென்ட்ஓஎஸ் 7 நன்றாக ஓடியது. ராக்கி லினக்ஸ் 8 நிறுவப் போனால் டிஸ்க்கே இல்லை என்கிறது. கார்டு போய்விட்டதா?

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எச்200-இல் இருப்பது எல்எஸ்ஐ நிறுவனத்தின் சாஸ்2008 சிப். அதன் எண் 1000:0072. 2019 மே மாதம் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தபோது எம்பிடி3சாஸ் டிரைவரை வைத்துக்கொண்டு, அது ஏற்கும் எண்களின் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். ரெட் ஹேட்டை ஒட்டி உருவாக்கப்படும் ராக்கியும் அதையே பின்பற்றுகிறது. டிரைவரைக் கையால் ஏற்றினால் ஏறிவிடும், ஆனால் கார்டைத் தொடாது. பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். எல்எஸ்பிசிஐ கட்டளையை 'என்என்கே' விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். கார்டுக்குக் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் வரி இல்லையென்றால் சிக்கல் இதுவேதான்.

வழி மூன்று இருக்கிறது. ரெட் ஹேட் குடும்பத்துக்குக் கூடுதல் டிரைவர்கள் தரும் எல்ரெப்போ தளத்தில் எம்பிடி3சாஸுக்கான டிரைவர் டிஸ்க் (நிறுவும்போது டிரைவரைச் சேர்க்கும் கோப்பு) கிடைக்கும். நீங்கள் நிறுவும் பதிப்பு 8.6 என்றால் 8.6-க்கானதையே எடுக்க வேண்டும், இது முக்கியம். அதை ஒரு பென்டிரைவில் எழுதி 'ஓஇஎம்டிஆர்வி' என்று லேபிள் வைத்தால் நிறுவி தானாகவே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பூட் வரியில் 'இன்ஸ்ட்.டிடி' சேர்த்தால் எந்த டிஸ்க் என்று கேட்கும். இரண்டாவது வழி, 2024-இல் வந்த அல்மாலினக்ஸ் 9.4 அல்லது அதற்குப் பிந்தையது. நீக்கப்பட்ட பல கார்டுகளை அவர்கள் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள், எம்பிடி3சாஸும் மெகாரெய்டு சாஸும் அதில் அடக்கம். மூன்றாவது டெபியன். லினக்ஸின் மையப் பகுதியான மூலக் கெர்னல் இந்த எண்ணை நீக்கவே இல்லை, அதனால் டெபியனில் தனி வேலை எதுவும் கிடையாது. ரெட் ஹேட் குடும்பம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது டெபியன்தான்.

கேள்வி: எல்ரெப்போ டிரைவர் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்டேட் செய்தபின் பூட் ஆகாமல் நின்றுவிட்டது சார்.

8.6-இலிருந்து 8.7 போல பதிப்பு மாறியிருக்கும். சாதாரண கெர்னல் அப்டேட்டில் பழைய மாட்யூலே (கெர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பு) புதிய கெர்னலோடும் இணைக்கப்படும். பதிப்பு மாறும்போது சில சமயம் அது பொருந்தாது, எல்ரெப்போ புதியதை வெளியிடும் வரை காத்திருக்க வேண்டும். இப்போதைக்கு, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள்.

இனிமேல் ரீபூட் செய்வதற்கு முன் எல்எஸ்இனிட்ஆர்டி கட்டளையால் புதிய கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும், டிரைவர்கள் அடங்கிய கோப்பு) திறந்து பாருங்கள். எம்பிடி3சாஸ் 'எக்ஸ்ட்ரா' அல்லது 'வீக்-அப்டேட்ஸ்' அடைவிலிருந்து வந்திருக்க வேண்டும். கெர்னலோடு வரும் வழக்கமான டிரைவர் மட்டும் இருந்தால் ரீபூட் செய்யாதீர்கள். மாட்யூல் பொருந்தியும் உள்ளே வரவில்லை என்றால் டிராகட் கட்டளையை ஓட்டி இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்ப உருவாக்குங்கள்.

கேள்வி: மாட்யூலை ஏற்றினால் தேவையான சாவி இல்லை என்று பிழை வருகிறது.

செக்யூர் பூட் (நம்பும் சாவியால் கையெழுத்திட்ட மாட்யூலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) போட்டிருக்கிறீர்கள். எல்ரெப்போவின் பொதுச் சாவியை மோக்யூட்டில் கட்டளை வழியாக இறக்குமதி செய்து, அடுத்த பூட்டில் வரும் நீலத்திரையில் ஒப்புதல் கொடுங்கள்.

கேள்வி: பெர்க் 6/ஐ கார்டில் 4 டிபி டிஸ்க் போட்டால் 2 டிபிதான் தெரிகிறது. எந்த டிரைவர் போட வேண்டும்?

எந்த டிரைவர் போட்டாலும் மாறாது. அதிலுள்ள சாஸ்1078 சிப்பின் எல்லை அது. பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் கார்டை மாற்றுங்கள்.

கேள்வி: அதே பெர்க் 6/ஐ தான் என்னிடமும். சில மாதங்களுக்கு ஒருமுறை எழுதும் வேகம் படுத்துவிடுகிறது, சில மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. டிரைவர் பிழையா?

இல்லை. கார்டிலுள்ள பேட்டரி ஏறத்தாழ 90 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே வடித்துத் திரும்ப ஏற்றி, கொள்ளளவைச் சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கார்டு ரைட்-பேக்கை (தரவைக் கேஷில் வைத்துக்கொண்டு பிறகு டிஸ்க்கில் எழுதுவது) விட்டு ரைட்-த்ரூவுக்கு (உடனே டிஸ்க்கில் எழுதுவது) போய்விடும். வேகம் திரும்பி வராமலே போனால் பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தும் அமைப்பு ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கரண்ட் போனால் கேஷில் இருந்த தரவு அப்படியே போய்விடும், கோப்பு முறைமையும் சேர்ந்து கெடலாம்.

கேள்வி: எச்200-ஐ ஐடி மோடுக்கு (ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டும் நிலை) மாற்றி இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை ஓட்ட ஆசை. என் டெஸ்க்டாப் போர்டில் கார்டைச் செருகினால் திரையே வரவில்லை.

டெல்லின் இந்தக் கார்டுகளுக்கு இது தெரிந்த நோய்தான். ஸ்லாட்டின் எஸ்எம்பஸ் கம்பிகள் (மேலாண்மைத் தகவலுக்கானவை) வழியாகக் கார்டு சில போர்டுகளோடு மோதுகிறது. பி5, பி6 இரண்டு பின்களை மட்டும் மெல்லிய இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டுச் செருகினால் பெரும்பாலும் பூட் ஆகிவிடும்.

ஃபர்ம்வேரை (கார்டுக்குள் இருக்கும் மென்பொருள்) ஃப்ளாஷ் செய்யுமுன், அதாவது புதிதாக எழுதுமுன், கார்டிலுள்ள சாஸ் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அழித்தபின் அதைத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். ஃபர்ம்வேர் 20.00.07.00 போடுங்கள். அதே 20 வரிசையில் முதலில் வந்தவற்றில் சிக்கல்கள் இருந்தன. ஆர்710-இன் உள் சேமிப்பு ஸ்லாட் மாற்றிய கார்டை ஏற்காது என்பதால் அங்கே சாதாரண பிசிஐஇ ஸ்லாட்டில்தான் போட வேண்டும். இன்னொன்று, இவை சர்வரின் காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டுகள். டெஸ்க்டாப் பெட்டியில் ஹீட்சிங்க் மேல் சிறிய ஃபேன் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸை 5.15 கெர்னலுக்கு ஏற்றியபின் பழைய மெகாரெய்டு கார்டு டைம்அவுட் ஆகிறது. பதிவில் 'டிமார்' என்று வரிகள்.

அந்தக் கெர்னலிலிருந்து இன்டெல் ஐஓஎம்எம்யூ (கார்டுகள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் பகுதி) இயல்பாகவே இயங்குகிறது, 'டிமார்' வரிகள் அதனுடையவை. சில பழைய கார்டுகளின் ஃபர்ம்வேருக்கு அது ஒத்துவராது. கெர்னல் வரியில் 'இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆஃப்' போட்டுப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்கு பிசிஐ கார்டை நேரடியாகக் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் அது ஆகாது. அவர்கள் 'ஐஓஎம்எம்யூ=பிடி' முயலலாம்.

கேள்வி: 3வேர் 9650 கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க்கின் உடல்நிலை) பார்க்க முடியுமா?

முடியும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சாதன வகையாக '3வேர்', காற்புள்ளி, போர்ட் எண் கொடுத்து, எஸ்டிஏ-வுக்குப் பதிலாக டிடபிள்யூஏ0 சாதனத்தைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: சார், பெர்க் 6/ஐ செத்துவிட்டது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து அமைத்த ரெய்டு 5-இல் அலுவலகக் கணக்கு முழுவதும் இருக்கிறது. எச்700 ஒன்று கிடைத்திருக்கிறது, மாற்றினால் படிக்குமா?

படிக்கும். பெர்க் 6-இல் உருவாக்கிய விர்ச்சுவல் டிஸ்க்குகளை எச்700 ஏற்கும், டெல் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். ரெய்டு அமைப்பு டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் எழுதாமல் படித்து முழு நகல் எடுங்கள். பிறகு சர்வரை அணைத்து, எல்லா டிஸ்க்குகளையும் எச்700-இல் சேர்த்தே மாட்டுங்கள். பூட்டில் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று வரும். கண்ட்ரோல்-ஆர் அழுத்தி உள்ளே போய் 'இம்போர்ட்' மட்டும் கொடுங்கள். 'கிளியர்', 'இனிஷியலைஸ்' பக்கம் விரலே போகக் கூடாது. இம்போர்ட் ஆனபின் முதல் வேலையாகக் கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, கணக்குக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். இம்போர்ட் மறுத்தால் அப்படியே நிறுத்திவிட்டு, திரையில் வந்த வாசகத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். அங்கிருந்து பார்ப்போம்.