தினமும் ஓட்டும் காருக்கு எந்த பிரேக் ஆயில்? எப்போது மாற்றுவது?

"வீடு, ஆபீஸ் தவிர வேறெங்கும் போவதில்லை, ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர்கூட ஓடாது, பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டுமா, டாட் 3 ஊற்றலாமா, டாட் 4 ஊற்றலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஐந்து வருடம் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் காரும் என்னுடையதைப் போல ஒரு சின்ன பெட்ரோல் கார், சர்வீஸுக்கு விட்டால் பில்லின் கடைசி வரியை மட்டும் பார்ப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பதில் இதுதான். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைப் பாருங்கள். அதில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ ஆயிலின் ரகம் போட்டிருக்கும். அதை ஊற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், முழுவதும் மாற்றுங்கள். கையேட்டில் வேறு கெடு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

இனி என் கதை. 2018 கோடையில் மாமனார் குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். வண்டி 2013 மாடல். பெரியவர்கள் ஐந்து பேர், டிக்கியில் மாமா ஆசையாக வாங்கிப்போட்ட இரண்டு பலாப்பழம், ஒரு மூட்டை வாழைக்காய். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. காரவள்ளிப் பக்கம் இறங்கும்போது, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் தாண்டியிருப்போம், பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த வளைவில் மிதித்தால் கால் நேராகத் தரை வரை போனது. இரண்டு மூன்று முறை வேகவேகமாக மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டேன். கைபிரேக் கேபிளில் இயங்குவது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை. அன்றைக்குப் பிழைத்தது அதனால்தான்.

முக்கால் மணி நேரம் நின்றோம். பெடல் தானாகப் பழையபடி கெட்டியானது. மாமா இறங்கிச் சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, ஏறின கியர்லயே எறங்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்று கேட்டார். அத்தையும் என் மனைவியும் பேசவே இல்லை.

உண்மையை ஒளிக்கவில்லை, மூன்றாவது கியரில் விட்டு, காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். அது என் தப்பு. ஆனால் அது மட்டும் தப்பு இல்லை, இதை மாமாவிடம் இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை. சக்கரத்தை நிறுத்த உரசும் பிரேக் பேட் மட்டும் சூடேறி வழுக்கினால் பெடல் கல்லு மாதிரி நிற்கும், வண்டிதான் நிற்காது. பெடலே தரைக்குப் போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகும், பெடலும் திரும்பி வரும். அன்றைக்கு நடந்தது இரண்டாவது ரகம்.

ஏன் கொதித்தது என்று கேட்டால், நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெயே இல்லை, கிளைக்கால் (glycol) என்கிற ரசாயன வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 கொதிக்காமல் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. டாட் 4க்கு இவை 230, 155. ஆக, நிற்கும் வண்டியிலும் ஆயில் கெடும். "ஓடவே இல்லையே" என்கிற நம் வாதம் அங்கே எடுபடாது.

ஊருக்கு வந்ததும் சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தேன். ஐந்து வருடமும் "பிரேக் ஆயில் டாப்-அப்" என்று ஒரு வரி. ஊற்றியிருக்கிறார்கள், ஒருமுறைகூட மாற்றவில்லை. இதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. பேட் தேயத் தேய டப்பாவில் அளவு இறங்கும், அதுதான் நமக்கு எச்சரிக்கை. ஊற்றி ஊற்றி நிரப்பினால் அந்த எச்சரிக்கையும் போய்விடும். பேட் தேயாமலே அளவு இறங்குகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, உடனே பாருங்கள்.

பிறகு தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். என்னை சீட்டில் உட்காரவைத்து, அவர் பின்பக்க இடது சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, "மிதிங்க தம்பி... மிதிங்க... அப்படியே புடிச்சுக்கங்க" என்று சொல்லி, ஆயிலை வெளியே விடும் நிப்பிளை அரைச்சுற்று தளர்த்தினார். அதில் மாட்டிய ட்யூப் வழியாகப் பழைய ஆயில் ஒரு காலி பாட்டிலுக்குள் இறங்கியதைக் காட்டினார், கடுங்காப்பி நிறம். புதியது வெளிறிய மஞ்சளாக, கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி இருக்கும். நான்கு சக்கரத்திலும் அந்த நிறம் வரும்வரை மிதித்தேன், கெண்டைக்கால் இரண்டு நாள் வலித்தது. நடுவில் டப்பா காலியாகிவிடக் கூடாது, காற்று புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் உள்ளே காற்று போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கஷ்டம். உங்கள் கார் 2019க்குப் பின் வந்தது என்றால் ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

நான் மெக்கானிக் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறேன். "டாட் 3ல் டாட் 4 கலந்தால் பிரேக்கின் ரப்பர் சீல் போய்விடும்" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே கிளைக்கால் குடும்பம், டாட் 3 வண்டியில் நான் டாட் 4 தான் ஊற்றுகிறேன். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 மட்டும் சிலிக்கோன், அது கிட்டவே வரக் கூடாது. டாட் 5.1 மறுபடி கிளைக்கால்! இந்தப் பெயரை வைத்த புண்ணியவானைத்தான் தேடுகிறேன். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீலெல்லாம் ஊதிவிடும். சீல் உடைத்த பழைய பாட்டிலில் மீதி இருந்தால் தூக்கிப் போடுங்கள். பெயின்ட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், என் வண்டியின் ஃபென்டரில் அன்று விழுந்த சொட்டு எட்டணா அளவுக்கு இன்னும் இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மலைக்கு என்றால் வாடகை வண்டிதான். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போனில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகு டிரைவர் பேட்டா, ஹில்ஸ் சார்ஜ், ராத்திரி பத்து மணி தாண்டியதற்குத் தனி. போன முறை பார்க்கிங் காசையும் நானே கொடுத்துவிட்டு பில்லிலும் அதைப் பார்த்தேன். கேட்டால் "சார், எல்லாரும் குடுக்கறதுதான்". இதைவிட ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் அண்ணனின் கூலியும் எவ்வளவோ மேல்.

இப்போது பானெட்டின் உள்பக்கம் மாற்றிய தேதியை எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். போன மாதம்தான் மாற்றினேன். மாமா ஆடியில் மறுபடி அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்கிறார். புது ஆயில் போட்டிருக்கிறேன், நம் வண்டியிலேயே போகலாம் என்று சொன்னேன். டிராவல்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதாம்.