பங்கு வைத்திருந்தால் முதலாளியா?

கேள்வி: ஒரு பெரிய கம்பெனியில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். பங்குதாரர்தான் முதலாளி, இயக்குநர் குழு அவருடைய பிரதிநிதி, சி.இ.ஓ. (தலைமை நிர்வாகி) அந்தக் குழுவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறார்களே, உண்மையில் முடிவெடுப்பது யார்?

பதில்: சட்டப்படி நீங்கள் சொல்லும் வரிசை சரி. நடைமுறையில் அது பெரும்பாலும் தலைகீழ்.

வெளியிலிருந்து வரும் இயக்குநர்கள் ஆண்டுக்குச் சில தடவைதான் கூடுகிறார்கள். கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு தடிமனான கோப்பு வந்து சேரும். அதைத் தயாரிப்பது யார்? அவர்கள் கண்காணிக்க வேண்டிய அதே நிர்வாகம்! எது அஜெண்டாவில் ஏறும், எந்தக் கணக்கு பின்னிணைப்பில் ஒதுங்கும் என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடும். இன்னொரு கம்பெனியை வாங்கும் திட்டம் குழுவின் மேசைக்கு வரும்போது விலைகூடப் பேசி முடிந்திருக்கும். அப்போது 'வேண்டாம்' என்பவர் காரியத்தைக் கெடுக்க வந்தவராகத் தெரிவார். சி.இ.ஓ.வே குழுவின் தலைவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அதற்காகக் குழுவை வெறும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். சி.இ.ஓ.வை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அதனிடம்தான். நிறுவனர் என்றும் அது பார்க்காது: 1985ல் ஆப்பிளின் குழு, நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸைக் கைவிட்டு, அவரே அழைத்து வந்த சி.இ.ஓ. ஜான் ஸ்கல்லியின் பக்கம் நின்றது. ஆனால் 2023 நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் குழு, சி.இ.ஓ. சாம் ஆல்ட்மேனை நீக்கியபோது, ஊழியர்களில் பெரும்பாலோர் 'நாங்களும் போகிறோம்' என்று கையெழுத்துப் போட்டார்கள். சில நாளில் அவர் திரும்பி வந்தார். நீக்கிய நால்வரில் மூவர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். (இத்தனைக்கும் அது பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த குழுவே அல்ல.)

சரி, உங்கள் ஓட்டுக்கு வருவோம். எல்லாப் பங்குக்கும் ஓட்டில் ஒரே மதிப்பு என்று நம்பி வாங்கினீர்களா? ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் சந்தையில் கிடைக்கும் பங்குக்கு 1 ஓட்டு, அதன் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் வைத்திருக்கும் வகைக்கு 10. மற்றவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து எதிர்த்தாலும் ஜெயிப்பது அவர்தான். இது ஒளித்து வைத்த ரகசியமும் அல்ல, பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதியிருந்தது.

உங்கள் கம்பெனியில் அப்படி இல்லையென்றால், இயக்குநர்களின் மறுநியமனமும் மேலதிகாரிகளின் சம்பளமும் ஓட்டுக்கு வரும்போதாவது உங்களுக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. சிறு பங்குதாரர்கள் பலர் ஓட்டே போடுவதில்லை என்பதால், பெரிய முதலீட்டு நிதிகள் கை தூக்கிய பக்கம் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. போன ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு உங்களுக்கு வந்த அறிவிப்பைப் பிரித்தாவது பார்த்தீர்களா?