நாக்கு ஓரப் புண்: வலி இல்லாவிட்டால் பயமில்லையா?

வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாய்ப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. நாக்கின் ஓரத்தில் ஐந்து வாரமாக ஆறாத புண், வலி இல்லை, ஜெல் தடவி வருகிறேன் என்கிறீர்கள். சாதாரண வாய்ப்புண் 10 முதல் 14 நாளில் ஆறிவிடும். 3 வாரம் தாண்டினாலே பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். இந்த வாரமே போங்கள்.

கடைவாய்ப் பல் உடைந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதன் கூர்முனை அதே இடத்தில் உரசிக்கொண்டே இருப்பதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் பல்லை ராவிவிட்டால் இரண்டு வாரத்தில் புண் மூடத் தொடங்கும். மூடவில்லை என்றால் பயாப்ஸி, அதாவது புண்ணிலிருந்து சிறு திசு எடுத்துப் பரிசோதிப்பது.

போவதற்கு முன் ஒன்று பாருங்கள். கையைக் கழுவிவிட்டு, நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து, கண்ணாடி முன் டார்ச் அடியுங்கள். புண்ணின் விளிம்பை விரலால் தொட்டால் சதை மாதிரி மெத்தென்று இருக்கிறதா, அடியில் காய் போலக் கெட்டியாக இருக்கிறதா? சுற்றிலும் சிவப்புத் திட்டு உண்டா? (வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத்தான் எனக்குக் கவலை.) தாடைக்கு அடியிலும் கழுத்திலும் கட்டி தட்டுப்படுகிறதா? கெட்டியோ கட்டியோ இருந்தால் நாளைக்கே போங்கள்.

மெத்தென்று இருந்தாலும் போகத்தான் வேண்டும். விரலுக்குப் புற்று தெரியாது, திசுப் பரிசோதனைக்குத்தான் தெரியும். அந்த ஜெல்லைத் தடவிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.