வரைபடக் கோட்டை வழவழப்பாக்குவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

எம்.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணு லேப்பில் நிற்காமல் ராத்திரி பகலாக லேப்டாப்பில் ஏதோ கோட்டை நேராக்கிக்கொண்டிருக்கிறாள், இதுக்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுப்பார்கள் அம்மா. ஆனால், எவ்வளவுக்கு மேல் நேராக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால்தான்.

எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் சாம்பிளை வைத்தால், அது அகச்சிவப்பு ஒளியை எங்கெங்கே எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அலைஎண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) 4000 முதல் 400 வரை ஒரு கோடு வரும். அதில் இரைச்சலும், அதாவது சாம்பிளுக்குச் சம்பந்தமில்லாத சின்னச் சின்ன நடுக்கமும், சேர்ந்தே வரும். அதைக் குறைக்க 1964-இல் சாவிட்ஸ்கி, கோலே இருவரும் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். பக்கத்துப் புள்ளிகள் சிலவற்றின் மேல் ஒரு வளைகோட்டைப் பொருத்தி, நடுப்புள்ளியைத் திருத்தி, அப்படியே அடுத்த புள்ளிக்கு நகர்வார்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் இதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன் போதும். எத்தனை புள்ளி, வளைகோடு எத்தனையாம் படி (படி கூடினால் வளைவும் கூடலாம்) என்று இரண்டு எண் கொடுக்க வேண்டும். அந்த வரியை யாரும் ஒரே நாளில் எழுதப் பழகிவிடலாம். எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் படிப்பு இருக்கிறது.

நம் ஊர் தேங்காய் எண்ணெயையே பாருங்கள். அதில் நிறைவுறாத கொழுப்பு குறைவு என்பதால் அலைஎண் 3006-ஐ ஒட்டி பீக் (கோட்டில் எழும் முகடு) இருப்பதே தெரியாது. சூரியகாந்தி எண்ணெய் கலந்தால் அங்கே சின்ன மேடு எழும்பும். அதை ஒட்டியே 2920-இல் பெரிய பீக் நிற்கிறது. ரெசல்யூஷனை (கருவி எவ்வளவு நெருக்கமான அலைஎண்களைப் பிரித்துக் காட்டும் என்ற அளவு) 4 வைத்து எடுத்தால் புள்ளிக்குப் புள்ளி சுமார் 2 இடைவெளி. 11 புள்ளி கொடுத்தால் ஏறக்குறைய 20 அகலம்தான், மேடு தப்பிக்கும். 51 கொடுத்தால் 100 அகலம். மேடு பெரிய பீக்கின் சரிவில் கரைந்துவிடும். கோடு பார்க்க அழகாக இருக்கும், கலப்பட எண்ணெய் சுத்தமானது என்று பாஸாகிவிடும். நாலு வீட்டுச் சமையலுக்குப் போகிற எண்ணெய் அது. இந்த இடத்தில் கவனம் இல்லாதவரை எந்த லேபும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கோட்டைத் தொடுவதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. ஒரே சாம்பிளைக் கருவி எத்தனை தடவை அளந்து சராசரி எடுக்கிறது என்ற ஸ்கேன் எண்ணிக்கையை 16-லிருந்து 64 ஆக்கினால் இரைச்சல் பாதியாகும். கருவியிலேயே முடிகிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் தள்ளாதவளைத்தான் இன்டர்வியூவில் பிடிக்கும்.

இடங்களுக்குக் குறைவில்லை. கொச்சியில் ஸ்பைசஸ் போர்டின் ஆய்வகம், திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிலையம், வாளையார் தாண்டினால் கோவை. உணவுப் பரிசோதனை லேப், மருந்து, பெயின்ட், பிளாஸ்டிக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் இந்தக் கருவி இருக்கும். ஆராய்ச்சிக்குப் போக ஆசையென்றால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வுக்கும் இப்போதே படிக்கட்டும்.

டேட்டா சயன்ஸ் கோர்ஸ் என்று லட்சக்கணக்கில் கட்டச் சொல்வார்கள், கட்டாதீர்கள். பைத்தான் இலவசம். ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களையும் காசில்லாமல் பார்க்கலாம்.

இந்த மாதமே அவள் ஒன்று செய்யட்டும். சுத்தமான தேங்காய் எண்ணெயும் கலந்த எண்ணெயும் எடுத்து, திருத்தாத மூலக்கோடு, 11 புள்ளிக் கோடு, 51 புள்ளிக் கோடு மூன்றையும் ஒரே பக்கத்தில் வரைந்து, எதை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று கீழே நாலு வரி எழுதட்டும். மூலத்தரவை அழிக்கவே கூடாது. அந்தப் பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.