மீட்டிங்கில் பேசவே தயக்கமாக இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

விஷயம் தெரிந்திருந்தும் மீட்டிங்கில் வாய் திறக்க முடியவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது காத்திருப்புதான். 'நல்ல இடம் வரட்டும்' என்று உட்கார்ந்திருந்தால் படபடப்பு ஏறும். அதற்குள் நீங்கள் சொல்ல நினைத்ததை வேறொருவர் சொல்லிவிடுவார். அதனால் முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது பேசிவிடுங்கள். கருத்துகூட வேண்டாம், "இந்தத் தேதி வாடிக்கையாளருக்குத் தெரியுமா?" என்று ஒரு கேள்வி போதும். ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்டால் அடுத்தது அவ்வளவு கஷ்டமில்லை.

அப்புறம், சொல்லும் வரிசை. நம்மில் பலர் கதையை ஆதியிலிருந்து ஆரம்பிப்போம். "திங்கட்கிழமை சர்வர் மெதுவானது, நான் பார்த்தேன், பிறகு அவரிடம் கேட்டேன்..." என்று இழுத்தால் மேலாளர் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார். "வேலை இரண்டு நாள் தள்ளிப்போகும், காரணம் சர்வர்" என்று முடிவை முதலில் வையுங்கள். விவரம் வேண்டுமென்றால் அவரே கேட்பார். மின்னஞ்சலுக்கும் இதேதான்.

நெஞ்சு படபடப்பது, பதற்றத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை, அனுபவசாலிகளுக்கும் உண்டு. முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலே எல்லாம் போச்சு. பதில் தெரியாத கேள்வி வந்தால், "பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சரி, மாலைக்குள் சொல்லியும் விடுங்கள்.