வெங்காயத் தறைக்கு ஹியூமிக் போத்தல் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்து வலிகாமம் கிழக்கில் எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் செய்கிறேன். வெங்காயம், பீற்றூட், திரும்பவும் வெங்காயம். இந்த மார்கழியில் எங்கள் சங்கம் மண்வளம் பற்றிக் கூட்டம் வைத்தது. அங்கே தந்த மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். (அமில-கார அளவு) 8.1, சேதனக் காபன் (உக்கிய பொருளிலுள்ள காபன்) 0.6 வீதம், பொசுபரசு ‘மிகக் கூட’ என்று இருக்கிறது. கூட்டத்துக்கு வந்த கடைக்காரர், பரப்புக்கு ஒரு லீற்றர் ஹியூமிக் திரவமும் (மண்வளத்துக்கென்று விற்கும் கறுப்பு நீர்) ஒரு மூட்டை ஜிப்சமும் போட்டால் ஒரே போகத்தில் மண் திரும்பிவிடும் என்கிறார். சங்கம் தைப்பொங்கலுக்கு முன் காசு சேர்த்து மொத்தமாக எடுக்கப் போகிறது. போன முறை தாள் நுனி மஞ்சளாகிக் கருகியது, காயும் சிறுத்துப் போனது. விவசாயப் போதனாசிரியர் சொன்னதை விட யூரியா கொஞ்சம் கூடத்தான் போட்டேன், அப்படியும் சரிவரவில்லை. நானும் காசு கட்டவா?

பதில்: தம்பி, கட்டாதீர்கள். சங்கத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களையும் கட்டவிடாதீர்கள்.

ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீட்டர். அதில் மேல் அரையடி மண்ணை மட்டும் நிறுத்தாலே 50 தொன்னுக்கு மேல் வரும். உங்கள் 0.6 வீதக் காபனை 0.7 ஆக்குவதற்குப் பரப்புக்கு 50 கிலோ காபன் மண்ணில் தங்க வேண்டும். ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீரையும் சேர்த்தே ஒரு கிலோ சொச்சம்தான் இருக்கிறது. அந்தக் கறுப்பு நீர் வேருக்குச் சிறிது தூண்டுதல் கொடுக்கலாம். மண்ணை அது திருப்பாது. இந்தக் கணக்குத் தெரியாமல் விற்கிறவர் அந்தத் தொழிலுக்குத் தகுதியில்லாதவர். தெரிந்துகொண்டே விற்கிறவரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்ததே பிழை. மண்வளக் கூட்டத்தில் விற்பனை மேசைக்கு இடம் கொடுக்கவே கூடாது.

ஜிப்சம் சோடியம் ஏறிய மண்ணுக்கு நல்ல மருந்து. கடல்நீரேரிப் பக்கத் தறைகளில், கிணறு உவர்த்து, மழைக்குப் பிறகு மண் களியாகி இறுகும் இடங்களில் அதற்கு வேலை இருக்கிறது. உங்கள் சீட்டில் சோடிய அளவும் இல்லை, உவரைக் காட்டும் மின்கடத்துதிறனும் இல்லை. அவை இரண்டும் தெரியாமல் ஜிப்சம் எழுதிக் கொடுப்பது நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவது மாதிரி. வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் படுத்திருக்கிறது. அந்தப் பி.எச். ஜிப்சத்தால் இறங்காது. வெங்காயத்துக்குக் கந்தகம் வேண்டும் என்பது உண்மைதான். யூரியாவில் ஒரு பங்குக்குப் பதிலாக அமோனியம் சல்பேற் போட்டால் அதுவும் கிடைக்கும், வேரடியில் காரமும் கொஞ்சம் தணியும். மண் ஏற்கனவே காரம்தான், சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது வந்தால் படலையோடு அனுப்பிவிடுங்கள்.

பொசுபரசு ‘மிகக் கூட’ என்று சீட்டே சொல்லும்போது இந்தப் போகம் ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை வாங்கத் தேவையில்லை. கோழியெருவும் வேண்டாம், அதிலும் பொசுபரசு நிறைய. மேலும் மேலும் ஏற்றினால் நாகமும் (துத்தநாகம்) இரும்பும் பயிருக்கு எட்டாமல் போகும். தாள் நுனி கருகியதற்குப் பல காரணம் இருக்கலாம். முதலில் தாளின் கவட்டை விரித்துப் பனிப்பூச்சி (சாறுறிஞ்சும் சிறு பூச்சி) இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிணற்று நீரின் உவரைப் பாருங்கள். அதற்கு மேல் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கிணற்றைப் பற்றி. கூட யூரியா போட்டேன் என்கிறீர்கள். அந்த மிச்சம் எங்கே போனது? எங்களுக்கு வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்வது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதையே இறைக்கிறோம், அதையே குடிக்கிறோம். தறையில் மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகி அந்த மழையோடு கிணற்றுக்குத்தான் போகும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. உங்கள் கிணறு அந்த எல்லையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு போகத்தில் பரப்புக்கு ஒரு இலட்சம் லீற்றர் இறைத்தால், தண்ணீரோடு 5 கிலோ நைத்திரேற்றும் பாத்திக்குள் வரும். ஏறத்தாழ இரண்டரைக் கிலோ யூரியாவில் உள்ள நைதரசன் அது. காசு கொடுக்காமல் வந்த பசளை. போதனாசிரியர் தந்த அளவிலிருந்து அதைக் கழித்துவிட்டுப் போடுங்கள். ஆகவே ஹியூமிக்குக்கு ஒதுக்கிய காசில் முதலில் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த முடிவு வரும்வரை பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் மண்ணை வளர்த்தது குழையாலும் ஓலையாலும் எருவாலும். வேலி பிரித்த பழைய பனையோலை, கூரை மாற்றிய ஓலை எல்லாம் ஒரு காலத்தில் தறைக்குத்தான் போயின. ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, ஓலையைத் துண்டாக்கி நெருக்கி அடுக்கி, மேலே பூவரசங்குழையும் எருவும் போட்டு மூடுவார்கள். ஓலை மெதுவாகத்தான் உக்கும். நல்லது, அதுதான் வேண்டும். எங்கள் வெயிலில், வாரம் இரண்டு முறை இறைக்கிற செம்மண்ணில், மெல்லிய குழை சீக்கிரம் கரைந்துவிடும். ஓலை கிடந்து ஈரத்தைப் பிடிக்கும். அப்படித் தாழ்த்திய தறையை இரண்டு வருடம் கழித்து வெட்டிப் பாருங்கள். கறுத்து உதிரும் ஓலை நரம்புகளுக்கு இடையில் வெண்வேர் பின்னிக் கிடக்கும், மண்புழு இருக்கும், மண் கையில் பொலபொலவென்று உதிரும். பக்கத்துத் தறையில் மண்வெட்டி கட்டியாகத்தான் பெயர்க்கும். இப்போது வேலியெல்லாம் மதிலாகி, கூரையெல்லாம் சீற்றாகிவிட்டது. காவோலை வடலிக்குள் கிடந்து நெருப்பு வைக்கப்படுகிறது. பனங்காணிச் சொந்தக்காரரிடம் கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். சங்கம் சேர்க்கும் காசுக்கு ஒரு லான்ட்மாஸ்ரரும் (இரு சில்லு உழவு இயந்திரம்) நாலு கூலியாளும் பிடித்தால் ஊரில் எத்தனை தறைக்கு ஓலை போடலாம்! எட்டுப் பரப்பிலும் ஒரேயடியாக வேண்டாம், வருடம் இரண்டு பரப்பாகச் செய்யுங்கள்.

சேதனப் பசளை என்றவுடன் 2021 நினைவுக்கு வந்து பலருக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். ஒரே உத்தரவில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம், அந்த வருடக் கடைசிக்குள் தடையை விலக்க வேண்டி வந்தது. நான் யூரியாவை விடச் சொல்லவில்லை. சேதனம் இல்லாத மண்ணில் நீங்கள் போடும் யூரியாவில் ஒரு பங்கு கிணற்றுக்குப் போகிறது, அதை மண்ணிலே நிறுத்துங்கள் என்கிறேன்.

இந்தப் போகத்துக்குப் பசளைப் பயிராகச் சணல் விதைக்கக் காலம் பிந்திவிட்டது. நடுகைக்கு முன் பரப்புக்கு 250 கிலோ நன்றாக உக்கிய மாட்டெரு போடுங்கள். வன்னியிலிருந்து லொறியில் வருவதை எடுத்தால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னும் உக்கவில்லை. கிளிசரியாக் குழை தாழ்த்தினால் மூன்று கிழமையாவது கழித்து நடுங்கள். பச்சைக் குழையோடு நட்டால் வெங்காயத்தின் அடி அழுகும்.

வருகிற புரட்டாதிக் கடைசியில், முதல் மழைக்கே, பரப்புக்கு ஒரு கிலோ சணல் விதையுங்கள். கார்த்திகையில் பூக்கத் தொடங்கும் நேரம், ஏறத்தாழ 45 நாளில், உழுது தாழ்த்துங்கள். அடைமழையில் தறை வெறுமனே கிடக்காது. கீழே இறங்கப் பார்க்கும் நைத்திரேற்றில் ஒரு பகுதியை வேர் பிடித்துக்கொள்ளும், வேர்முடிச்சுப் புழுவும் குறையும். மார்கழிக் கடைசியில் நடுகைக்குத் தறை தயார். சணல் விதையை ஆவணியிலேயே சொல்லி வையுங்கள், மழை தொடங்கிய பிறகு கடைகளில் கிடைக்காது. கிணற்று நீரின் நைத்திரேற்றும் மின்கடத்துதிறனும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், யூரியா அளவைப் பரப்புக் கணக்கில் போட்டுத் தருகிறேன்.