தோலாவீராவில் பனிமூட்டம் இருந்தால் படம் எடுப்பது வீணா?

‘ஜனவரியில் தோலாவீரா போகிறேன். ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது. பனிமூட்டம் இருந்தால் கேமராவை எடுப்பதே வீண்தானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. அந்த ஒரு காலையில் பனி இறங்கினால் உங்களுக்கு யோகம் என்றே சொல்வேன். உடனே ‘படம் மங்கலாத்தானே வரும்’ என்று சண்டைக்கு வர ஆள் இருக்கிறார்கள், அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

முதல்முறை போகிறீர்கள் என்று நினைக்கிறேன். தோலாவீரா, குஜராத்தின் கட்ச் பகுதியில் உப்புப் பாலைக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிறது. ஹம்பியில் இருப்பது போலக் கோபுரமோ மண்டபமோ அங்கே எதிர்பார்க்காதீர்கள். 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஹரப்பா நகரத்தின் மதில்களும் வீட்டு அடித்தளங்களும் நீர்த்தேக்கங்களும்தான் மிச்சம். கல்லும் மண்ணும் ஏறக்குறைய ஒரே பழுப்பு மஞ்சள். உச்சி வெயிலில் எடுத்தால் கோட்டை மேடு, அதன் பின்னால் நடு நகரம், அதற்கும் அப்பால் கீழ் நகரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், கைவிட்ட கல்குவாரியைப் படம் எடுத்த மாதிரி இருக்கும். பனியில் அப்படி இல்லை. கிட்டே இருக்கிற சுவர் கருப்பாக நிற்கும், அடுத்தது சாம்பல் நிறம், அதற்கடுத்தது வெறும் கோடு. தொல்லியலாளர் ஆர். எஸ். பிஷ்ட் தலைமையில் 1990 முதல் பல ஆண்டுகள் தோண்டி வெளியே கொண்டுவந்தார்களே, சுவருக்குள் சுவராகக் கட்டிய அந்த நகர அமைப்பு, அது என் படங்களில் பனியில்தான் ஒழுங்காகப் பிரிந்து தெரிந்தது. தூரத்துக் கம்பி வேலியும் மின்கம்பமும் மறைந்துபோவது தனி லாபம்.

நான் வேலை விஷயமாக அகமதாபாத்தில் இருக்கிறேன். அங்கிருந்து கார் எடுத்துக்கொண்டு நண்பர்களோடு போய், பக்கத்துக் கிராமத்தில் வட்டமான மண்வீடு ஒன்றில் தங்கினோம். விடிந்து பார்த்தால் முற்றத்துக் கட்டில்கூடத் தெரியவில்லை. கூட வந்தவர்கள் திரும்பப் படுத்துவிட்டார்கள். நான் மட்டும் கிளம்பினேன். வாசலில் இருந்த காவலாளி, ‘பத்து மணிக்கு மேல் வாங்க பாய், இப்ப ஒண்ணும் தெரியாது’ என்றார். பரவாயில்லை என்று உள்ளே போனேன்.

நேராகக் கிழக்கு நீர்த்தேக்கத்துக்குத்தான் போனேன். சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். மழை அபூர்வமான தீவில், மான்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளில் மழைக்காலத்தில் மட்டும் வரும் தண்ணீரை அணை கட்டித் திருப்பி இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வெயிலில் அதன் அடித்தளம்வரை பளிச்சென்று தெரியும், அதனாலேயே படத்தில் ஆழம் தெரியாது. அன்றைக்குப் படிகள் கீழே இறங்க இறங்க வெளுத்துக்கொண்டே போய்க் காணாமல் போயின. கடைசிப் படி எங்கே என்று கண் தேடுகிறது பாருங்கள், அந்தத் தேடலில் ஆழம் தானாக வந்துவிடுகிறது. பனி மேலே கலைந்த பிறகும் அந்தப் பள்ளத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. அப்புறம் கோட்டை மேட்டுக் கிணற்றுக்குப் போனேன். கயிறு உராய்ந்து உராய்ந்து கல்லில் விழுந்த தடங்கள் இன்னும் இருக்கின்றன. ஈரம் பட்டுக் கல் கருத்திருந்ததால் ஒவ்வொரு தடமும் தனித்தனியாகத் தெரிந்தது. யாரோ ஒருத்தி தினமும் குடத்தோடு வந்து நின்ற இடம். அந்தப் படத்தை இன்றைக்கும் என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். கேமராவின் லைட் மீட்டர் பனியின் வெள்ளையைப் பார்த்து ஏமாந்து, படத்தை அழுக்குச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி வையுங்கள். ஃபோனில் எடுப்பவர்கள் திரையில் விரலை அழுத்தி வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். ஆட்டோ ஃபோகஸ் பிடிக்க எதுவும் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். சுவரின் கூர்மையான விளிம்பில் வைத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். மதில்களை அடுக்கிக் காட்ட 85 மி.மீ. லென்ஸ் நன்றாக உதவும். லென்ஸ் மேல் நுண்துளி படிந்துகொண்டே இருக்கும், காய்ந்த பருத்தித் துணி சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். ட்ரோனுக்கும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து எடிட்டிங்கில் ‘டீஹேஸ்’ போட்டுப் பனியைத் துடைத்து எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

‘தோலாவீராவைச் சுற்றியிருக்கும் கட்ச் ராண் பாலைவனமாச்சே, அங்கே பனிமூட்டமா?’ என்று யாராவது கேட்பார்கள். உப்புப் பாலை, ஐயா. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, குளிர்காலத்தில் வற்றி வெள்ளையாகும். தெளிவான இரவில் நிலம் சட்டென்று குளிரும்போது, தரையை ஒட்டிய காற்றில் போதிய ஈரம் இருந்தால் மூடுபனி உண்டாகும். தினமும் வரும் என்று நான் சொல்லவில்லை. நான் தொழில்முறைப் புகைப்படக்காரனும் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்தப் படிக்கட்டுப் படத்தை ஒரு சுற்றுலாப் பக்கம் என்னைக் கேட்காமல் எடுத்து, மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, ‘மொஹஞ்சதாரோ’ என்று போட்டுவிட்டது. என் பெயர் போனதைக்கூட விட்டுவிடுவேன். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த, நம் நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஊரின் பெயரை மாற்றிவிட்டார்களே! திருத்தச் சொல்லிக் கருத்துப் போட்டேன், அதையும் நீக்கிவிட்டார்கள். தோலாவீரா என்று ஒரு இடம் இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது, தெரியவரும் வழியையும் இப்படி அடைத்தால் எப்படி? அதனால் உங்கள் படத்தில் ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் ஓரத்தில் போடாமல், எளிதில் வெட்ட முடியாத இடத்தில் போடுங்கள்.

திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்து, கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். முதலில் கிழக்கு நீர்த்தேக்கம், அடுத்து கோட்டை மேடு. பனி கலைந்த பிறகு மேட்டிலிருந்து இறங்கி, வாசல் பக்கம் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.